வேலையில் அடிபட்டால் யார் பொறுப்பு? தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், ஓர் எளிய அறிமுகம்

ஆலையில் ஓர் இயந்திரம் சிக்கிக்கொள்கிறது. தொழிலாளி ஒருவர் கையை உள்ளே விட்டு எடுத்துவிடப் பார்க்கிறார். அது தெரியாமல் இன்னொருவர் சுவிட்சைப் போட்டுவிடுகிறார். இரண்டு விரல்கள் போய்விட்டன. இதில் தப்பு யாருடையது? மின்சாரத்தை நிறுத்தாமல் கையை விட்டவருடையதா, பார்க்காமல் சுவிட்ச் போட்டவருடையதா, தடுப்பு இல்லாத இயந்திரத்தை ஓட்டச் சொன்ன முதலாளியுடையதா?

இதை வைத்து வருடக்கணக்கில் வழக்காடலாம். ஒரு காலத்தில் அப்படித்தான் வழக்காடினார்கள். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இந்தக் கேள்வியையே ஓரமாகத் தள்ளி வைக்கிறது. வேலை செய்துகொண்டிருக்கும்போது, வேலையின் காரணமாக அடிபட்டதா என்று மட்டும் கேட்கிறது. ஆம் என்றால் பணம் உண்டு. தப்பு யாருடையது என்பது பெரும்பாலும் கணக்கில் வராது.

உலகின் பெரும்பாலான நாடுகளில் ஏதோ ஒரு வடிவத்தில் இந்தச் சட்டம் இருக்கிறது. விவரங்கள் நாட்டுக்கு நாடு மாறும், எலும்புக்கூடு ஏறத்தாழ ஒன்றுதான். விபத்து என்று வரும்போது அது ஓரளவு நன்றாகவே வேலை செய்கிறது. நோய் என்று வந்தால் தடுமாறுகிறது. ஏன் அப்படி என்று புரிந்துகொண்டால் இந்தச் சட்டத்தில் பாதி புரிந்த மாதிரி.

சட்டம் வருவதற்கு முன்

1837இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. கசாப்புக் கடைக்காரரிடம் வேலை பார்த்த பையன், அளவுக்கு மீறிச் சரக்கு ஏற்றிய வண்டி உடைந்து விழுந்ததில் தொடை எலும்பு முறிந்தான். ஜூரிகள் நூறு பவுண்டு கொடுக்கச் சொன்னார்கள். நீதிபதி அபிங்கர் பிரபு தலைமையிலான நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. இதற்கெல்லாம் முதலாளியைப் பொறுப்பாக்கினால், வேலைக்காரி ஈரப் படுக்கையை விரித்து, அதில் படுத்த இன்னொரு வேலைக்காரனுக்கு உடம்புக்கு முடியாமல் போனாலும் எஜமானரே பதில் சொல்ல வேண்டிவரும், இது எங்கே போய் முடியும் என்பது அவருடைய கவலை. ஈரப் படுக்கையைப் பற்றிய அந்தக் கவலை அடுத்த நூறு ஆண்டுகளுக்கு எத்தனையோ பேரின் வழக்குகளை மூழ்கடித்தது.

ஐந்து ஆண்டு கழித்து, 1842இல், அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ரயில் என்ஜின் ஓட்டுநர் ஒருவர் வழக்குப் போட்டார். தண்டவாளத்தை மாற்றிவிடும் ஊழியர் செய்த பிழையால் ரயில் தடம்புரண்டு, அவருடைய வலது கை போய்விட்டது. தலைமை நீதிபதி லெமுவேல் ஷா என்ன சொன்னார் தெரியுமா? ஆபத்தான வேலை என்பது ஓட்டுநருக்குத் தெரியும், அதற்குச் சேர்த்துத்தான் அவருக்குக் கூடுதல் சம்பளம், ஆகவே ஆபத்துக்கான விலை ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது என்றார். அந்த ஓட்டுநரின் சம்பளம் நாளைக்கு இரண்டு டாலர்.

இப்படி முதலாளிகள் கையில் மூன்று கேடயங்கள் சேர்ந்தன. அடிபட்டவர் பக்கம் கொஞ்சம் கவனக்குறைவு இருந்தாலும் ஒரு காசு கிடையாது. கூட வேலை செய்தவரின் பிழை என்றால் முதலாளிக்குச் சம்பந்தமில்லை. ஆபத்து என்று தெரிந்தே வேலைக்கு வந்தவர் பிறகு புகார் சொல்ல முடியாது. இந்த மூன்றையும் தாண்டி ஜெயிக்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். அதோடு வக்கீலுக்குப் பணம் வேண்டும், சாட்சி வேண்டும். சாட்சி சொல்ல வேண்டியவரும் அதே முதலாளியிடம்தான் சம்பளம் வாங்குகிறார்.

கொடுத்ததும் வாங்கியதும்

முதல் பெரிய மாற்றம் ஜெர்மனியில் வந்தது. அந்நாட்டு அரசின் தலைவர், சான்சலர் பிஸ்மார்க் காலத்தில், 1884இல், விபத்துக் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறியது. பிஸ்மார்க் தொழிலாளர்களின் தோழர் எல்லாம் கிடையாது. 1878இல் சோஷலிஸ்டுகளை ஒடுக்கச் சட்டம் போட்டவரும் அவரே. தொழிலாளர்கள் அந்தப் பக்கம் சாயாமல் இருக்க அரசு அவர்களுக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று கணக்குப் போட்டார். அடிபட்டால் முதல் 13 வாரம் நோய்க் காப்பீட்டு நிதி பார்த்துக்கொள்ளும். அதற்குப் பிறகு விபத்துக் காப்பீடு வரும், முழுவதும் இயலாமல் போனவருக்குச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கும். இந்தக் காப்பீட்டுக்கு முதலாளிகள் மட்டும் பணம் கட்ட வேண்டும், தொழிலாளி கட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு தொழிலுக்கும் முதலாளிகள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்து அந்த நிதியை நடத்தினார்கள். அந்தச் சங்கங்கள் இன்றும் ஜெர்மனியில் இருக்கின்றன.

பிரிட்டன் 1897இல் வேறு வழியில் போனது. பொது நிதி எதுவும் இல்லாமல், முதலாளி நேரடியாகக் கொடுக்க வேண்டும் என்றது. தொழிலாளி இறந்தால் மூன்று ஆண்டுச் சம்பளம். அது 150 பவுண்டுக்குக் குறையக் கூடாது, 300 பவுண்டுக்கு மேல் போகவும் கூடாது. உயிரோடு இருந்து வேலை செய்ய முடியாவிட்டால் பாதிச் சம்பளம், அதிகபட்சம் வாரம் ஒரு பவுண்டு. ஆரம்பத்தில் ரயில்வே, ஆலை, சுரங்கம் போன்ற ஆபத்தான தொழில்களுக்கு மட்டும் இருந்தது, 1906இல் பெரும்பாலான தொழிலாளர்களுக்கும் விரிந்தது. பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த நாடுகள் பலவற்றில் இதே அச்சில் சட்டங்கள் வந்தன. இந்தியாவின் 1923ஆம் ஆண்டுச் சட்டம் அதில் ஒன்று.

அமெரிக்காவில் கதை கொஞ்சம் குரூரமானது. நியூயார்க் மாநிலம் 1910இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. எந்தத் தப்பும் செய்யாத முதலாளியிடமிருந்து பணம் வாங்குவது அவருடைய சொத்தைப் பறிப்பதாகும் என்று சொல்லி, மாநிலத்தின் உச்ச மன்றம் 1911 மார்ச் 24 அன்று அதைச் செல்லாது என்று அறிவித்தது. மறுநாள், மார்ச் 25, நியூயார்க் நகரத்தில் டிரையாங்கிள் என்ற ஆடைத் தொழிற்சாலை தீப்பிடித்தது. கதவு பூட்டியிருந்தது. 146 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இளம் பெண்கள். பிறகு மாநிலத்தின் அரசியல் சாசனத்தையே திருத்திப் புதுச் சட்டம் போட்டார்கள். 1917இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. அதே 1911இல் விஸ்கான்சினில் நிறைவேறிய சட்டம் நிலைத்தது. ஒவ்வொரு மாநிலமாக வந்து, கடைசியாக 1948இல் மிசிசிப்பி சேர்ந்தது.

முதலாளிகள் எதற்காக இதற்கு ஒப்புக்கொண்டார்கள்? இரக்கம் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். பழைய முறையில் பெரும்பாலும் முதலாளி ஜெயித்தார். ஆனால் எப்போதாவது ஜூரிகள் மனமிரங்கி எக்கச்சக்கமான தொகையைத் தீட்டிவிடுவார்கள். எந்த வருடம் எவ்வளவு போகும் என்று தெரியாது. புதிய முறையில் தொகை முன்கூட்டியே தெரியும், இன்சூரன்ஸ் எடுத்துக்கொள்ளலாம், அதைப் பொருளின் விலையிலும் சேர்த்துவிடலாம். அதற்குப் பதிலாகத் தொழிலாளி ஒன்றை விட்டுக்கொடுத்தார். முதலாளி மேல் தனியாக வழக்குப் போட்டு முழு நஷ்டஈடு கேட்கும் உரிமை பல நாடுகளில் போய்விட்டது. வலிக்கும் மன வேதனைக்கும் தனியாகக் காசு கிடையாது. கிடைப்பது இழந்த சம்பளத்தில் ஒரு பகுதியும் வைத்தியச் செலவும்தான்.

அமெரிக்க மாநிலங்களில் இந்த வழக்குத் தடை இறுக்கமானது. முதலாளி வேண்டுமென்றே செய்தார் என்று காட்ட முடிந்தால் மட்டும் பெரும்பாலும் கதவு திறக்கும். பிரிட்டன் அப்படி முழுக்க மூடவில்லை, அங்கே தவறை நிரூபித்துத் தனி வழக்கும் நடத்தலாம். நியூசிலாந்து எல்லோரையும் தாண்டிப் போனது. 1974 ஏப்ரல் முதல் அங்கே வேலையில் நடந்த விபத்து, வீட்டில் நடந்த விபத்து என்ற பேதமே கிடையாது. எங்கே அடிபட்டாலும் ஒரே பொது நிதியிலிருந்து பணம் வரும், காயத்துக்காக வழக்குப் போடுவது ஏறத்தாழ முடியாது.

என்னைக் கேட்டால், இந்தப் பேரம் போட்ட காலத்தில் தொழிலாளிக்கு லாபம்தான். ஒன்றுமே கிடைக்காத இடத்தில் ஏதோ கிடைத்தது. ஆனால் விட்டுக்கொடுத்த உரிமை அப்படியே நிற்க, கிடைக்கும் தொகை விலைவாசியோடு ஏறாமல் தேங்கிவிட்டால் அது மோசமான பேரமாக மாறிவிடும். சட்டத்தில் எழுதியிருக்கும் உச்சவரம்புத் தொகை கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்று பார்ப்பது, எந்த நாட்டுச் சட்டத்தைப் படிக்கும்போதும் நல்ல பழக்கம்.

வேலையில் நடந்ததா, வேலையால் நடந்ததா

தப்பு யாருடையது என்ற கேள்வி போனாலும் வழக்குகள் நிற்கவில்லை. அவை வேறு இடத்துக்குக் குடிபெயர்ந்தன. 1897ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டம் இரண்டு நிபந்தனைகள் வைத்தது. விபத்து வேலை நேரத்தில், வேலையின் போக்கில் நடந்திருக்க வேண்டும். அப்புறம், வேலையின் காரணமாகவும் நடந்திருக்க வேண்டும். இரண்டும் வேண்டும். இந்த இரு நிபந்தனைகளை உலகம் முழுக்க நாடுகள் எடுத்துக்கொண்டன. ஒரு நூற்றாண்டாக வக்கீல்களுக்கு இவை சோறு போடுகின்றன.

இடி விழுந்த வழக்குகள் இதற்கு நல்ல உதாரணம். உயரமான சாரத்தின் மேல் நின்று செங்கல் வைத்தவர் மேல் மின்னல் தாக்கியது. அவ்வளவு உயரத்தில் நிற்க வைத்தது வேலைதான், மற்றவர்களைவிட அவருக்கு ஆபத்து அதிகம், ஆகவே பணம் உண்டு என்றார்கள். சாலையில் வேலை செய்தவர் மேலும் மின்னல் விழுந்தது. அது அந்த ஊரில் யார் மேலும் விழுந்திருக்கும், வேலைக்கும் அதற்கும் தொடர்பில்லை, கிடையாது என்றார்கள். இரண்டு குடும்பங்களுக்கும் இழப்பு ஒன்றுதான்.

வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் அடிபட்டால்? இதில் நாடுகள் பிரிந்து நிற்கின்றன. ஜெர்மனி 1925இலேயே அதைச் சேர்த்துக்கொண்டது, பிரான்ஸ் 1946இல். வேறு பல இடங்களில் வாசலைத் தாண்டி வேலையிடத்துக்குள் நுழைந்த பிறகுதான் கணக்கு தொடங்கும். ஆனால் முதலாளியின் வண்டியில் போனாலோ, முதலாளி அனுப்பிய வேலைக்காகப் போனாலோ அங்கேயும் விதிவிலக்கு உண்டு. 2021 டிசம்பரில் ஜெர்மனியின் உயர் சமூக நீதிமன்றம் ஒரு சுவாரசியமான தீர்ப்பு சொன்னது. வீட்டிலிருந்தே வேலை செய்பவர் காலையில் எழுந்து, படுக்கையறையிலிருந்து ஒரு மாடி கீழே இருந்த வேலை அறைக்கு நேராக இறங்கும்போது சுழல் படிக்கட்டில் விழுந்தார். அதுவும் வேலை சார்ந்த விபத்துதான் என்றது மன்றம். நடுவில் ஒரு வாய் சாப்பிடப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்றைக்குப் பலரும் கிண்டலடித்தார்கள்.

தப்பு பார்ப்பதில்லை என்று சொன்னேன், முழுக்கப் பார்ப்பதில்லை என்று சொல்லவில்லை. குடித்துவிட்டு வேலை செய்து அடிபட்டாலோ, பாதுகாப்புக் கவசத்தை வேண்டுமென்றே கழற்றி எறிந்துவிட்டு அடிபட்டாலோ பல சட்டங்கள் கைவிரித்துவிடும். அதிலும் ஒரு மனிதாபிமானம் இருக்கிறது. 1906ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டம், சாவோ நிரந்தரமான கடும் ஊனமோ ஏற்பட்டால் இந்தச் சாக்கைச் சொல்ல முடியாது என்றது. இந்தியச் சட்டத்திலும் இதுபோன்ற விலக்கு இருக்கிறது. தண்டனை விரல்நுனிக் காயத்துக்கு இருக்கலாம், அப்பா இல்லாத குடும்பத்துக்கு வேண்டாம் என்ற எண்ணம்.

ஒரு விரல் எத்தனை வாரம்?

இழப்பீட்டை நான்கு நிலைகளாகப் பிரிப்பார்கள். கொஞ்ச நாளில் குணமாகும் காயமா, நிரந்தரமா? கொஞ்சம் வேலை செய்ய முடியுமா, ஒன்றுமே முடியாதா? இந்த இரண்டு கேள்விகளின் பதில்களைச் சேர்த்தால் நான்கு நிலைகள் வரும். தற்காலிகக் காயத்துக்கு வாராவாரமோ மாதாமாதமோ சம்பளத்தில் ஒரு பங்கு வரும். முதல் இரண்டு மூன்று நாளுக்குக் கிடையாது என்று பல இடங்களில் ஒரு காத்திருப்புக் காலம் வைத்திருப்பார்கள். 1897இல் பிரிட்டனில் அது இரண்டு வாரமாக இருந்தது. அதில் எத்தனை வீடுகளில் கடன் வாங்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நிரந்தர ஊனத்துக்கு அட்டவணை உண்டு. முதன்முறை படிப்பவருக்கு அந்த அட்டவணை கொஞ்சம் குமட்டும். அமெரிக்காவின் மத்திய அரசு ஊழியர்களுக்கான சட்டத்தில் ஒரு கைக்கு 312 வாரம், காலுக்கு 288 வாரம், கண்ணுக்கு 160, கட்டைவிரலுக்கு 75, ஆள்காட்டி விரலுக்கு 46 வாரம் என்று எழுதியிருக்கிறது. அத்தனை வாரங்களுக்குச் சம்பளத்தில் ஒரு பங்கு. இந்தியச் சட்டம் வாரக் கணக்கு போடாமல் சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போயிற்று என்று போடுகிறது. கட்டைவிரலுக்கு 30 சதவீதம்.

அட்டவணை இருந்தால் சண்டை குறையும், சீக்கிரம் பணம் வரும். ஆனால் அதே விரல் எல்லோருக்கும் ஒன்றா? கணக்கு எழுதுபவருக்கும் வயலின் வாசிப்பவருக்கும் இடக்கைச் சுண்டுவிரல் ஒரே மதிப்புடையதா? 1975இல் இந்திய உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு தச்சரின் வழக்கு வந்தது. இடது கையை முழங்கைக்கு மேலே வெட்டி எடுத்தாயிற்று. அட்டவணைப்படி அது பகுதி ஊனம்தான், இன்னொரு கை இருக்கிறதே என்பது எதிர்த்தரப்பு வாதம். ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே அவரைப் பொறுத்தவரை போனது முழுவதும்தான் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. உடம்பில் எவ்வளவு போயிற்று என்று பார்ப்பது ஒன்று, பிழைப்பில் எவ்வளவு போயிற்று என்று பார்ப்பது இன்னொன்று. எந்த நாட்டிலும் தொழிலாளிக்காக வாதாடுபவர் இரண்டாவதைத்தான் பிடித்துக்கொள்வார்.

நோயில் சட்டம் திணறுவது ஏன்

விபத்துக்குத் தேதி உண்டு, நேரம் உண்டு, பார்த்தவர்கள் உண்டு. நோய்க்கு இவை எதுவும் கிடையாது.

வேலை நோய் தரும் என்பது பழைய செய்திதான். இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸினி 1700இலேயே தொழில் தொழிலாக அலைந்து, எந்த வேலைக்காரருக்கு என்ன நோய் வருகிறது என்று எழுதி வைத்தார். நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு 'என்ன வேலை செய்கிறாய்' என்பதையும் சேர்த்துக் கேளுங்கள் என்று மற்ற மருத்துவர்களுக்குச் சொன்னவர் அவர். லண்டனில் பெர்சிவல் பாட் 1775இல், புகைபோக்கி சுத்தம் செய்பவர்களுக்கு விதைப்பையில் வரும் புற்றுநோய்க்குப் புகைக்கரியே காரணம் என்று எழுதினார். சட்டம் இவர்களுக்குப் பின்னால் நூறு இருநூறு ஆண்டு கழித்து மெதுவாக நடந்து வந்தது.

பிரிட்டன் 1906இல் முதன்முதலாக ஆறு நோய்களை இழப்பீட்டுப் பட்டியலில் சேர்த்தது. ஈயம், பாதரசம், பாஸ்பரஸ், ஆர்சனிக் ஆகிய நான்கின் நச்சுப் பாதிப்பு, விலங்குத் தோலையும் ரோமத்தையும் கையாள்பவர்களுக்கு வரும் ஆந்த்ராக்ஸ், சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரும் கொக்கிப்புழு நோய். பிரான்ஸ் 1919இல் ஈயத்தையும் பாதரசத்தையும் வைத்து ஆரம்பித்தது. ஜெனீவாவில் இருக்கும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1925இல் கொண்டுவந்த ஒப்பந்தத்தில் மூன்றே நோய்கள்: ஈயம், பாதரசம், ஆந்த்ராக்ஸ். இப்போது அந்த அமைப்பின் பட்டியல் நீண்டுவிட்டது. 2010இல் திருத்தியபோது மனநோய்களுக்கும் அதில் இடம் கொடுத்தார்கள்.

பட்டியலில் இருந்தால் என்ன லாபம்? நிரூபிக்கும் சுமை தொழிலாளியின் தலையிலிருந்து இறங்குகிறது. ஈயம் கையாளும் வேலை செய்தார், ஈய நச்சு வந்திருக்கிறது, சரி, வேலையால்தான் வந்தது என்று சட்டமே வைத்துக்கொள்ளும். இல்லை என்றால் முதலாளி நிரூபிக்கட்டும். அமெரிக்காவின் நிலக்கரிச் சுரங்கச் சட்டத்தில் இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. நிலத்தடிச் சுரங்கத்தில் 15 ஆண்டு வேலை செய்து, நுரையீரல் கெட்டு, வேலை செய்யவே முடியாமல் போனால், நிலக்கரித் தூசியால் வந்தது என்றே எடுத்துக்கொள்வார்கள். 1972இல் வந்த இந்த விதியை நடுவில் நீக்கி, 2010இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஒரே ஒரு அனுமானம் எத்தனை பேரின் விதியை மாற்றும் என்பதற்கு அந்த இழுபறியே சாட்சி.

பட்டியலில் இல்லாவிட்டால்? அதற்கு ரேடியம் பெண்களின் கதைதான் பதில். முதல் உலகப் போர்க் காலத்திலும் அதற்குப் பிறகும் அமெரிக்காவின் நியூஜெர்சியில் கடிகார முகப்பில் இருட்டில் ஒளிரும் ரேடியம் வண்ணம் பூசும் தொழிற்சாலை இருந்தது. தூரிகையின் முனை கூர்மையாக இருக்க உதட்டில் வைத்து இழுத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ரேடியம் உள்ளே போனது. சில ஆண்டுகள் கழித்துப் பல் விழுந்தது, தாடை எலும்பு அழுகியது. அந்த மாநிலத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் ரேடியம் இல்லை. வழக்குப் போடவும் இரண்டு ஆண்டுக் கெடு இருந்தது. நோய் தெரிய வந்தபோது கெடு முடிந்து நாளாகியிருந்தது. கடைசியில் 1928இல் ஐந்து பெண்களுக்கு ஆளுக்குப் பத்தாயிரம் டாலரும், ஆண்டுக்கு 600 டாலரும், வைத்தியச் செலவும் என்று சமரசம் ஆனது. பத்திரிகைகள் விடாமல் எழுதியதால் வந்த சமரசம் அது, சட்டம் தானாகக் கொடுத்தது இல்லை.

இந்தக் கதையில் நோய் வழக்குகளின் இரண்டு பெரிய தொல்லைகளும் இருக்கின்றன, பட்டியலும் காலக்கெடுவும். ஆஸ்பெஸ்டாஸ் இழையை மூச்சில் இழுத்தவருக்கு மீசோதீலியோமா என்ற புற்றுநோய் வர முப்பது நாற்பது ஆண்டுகள்கூட ஆகும். அதற்குள் அவர் ஓய்வு பெற்றிருப்பார், கம்பெனியை மூடியிருப்பார்கள். அதனால் பல நாடுகள் கெடுவை, தூசி பட்ட நாளிலிருந்து எண்ணாமல், நோய் இன்னது, வேலையால் வந்தது என்று தெரிய வந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்கின. நியாயமான மாற்றம், தாமதமாக வந்தது.

மூன்றாவது தொல்லை, யார் கொடுப்பது என்பது. ஒருவர் நான்கு கம்பெனிகளில் ஆஸ்பெஸ்டாஸோடு வேலை செய்திருக்கிறார். எந்த இடத்தில் உள்ளே போன இழை நோயைத் தொடங்கியது என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. நால்வரும் மற்றவரைக் கைகாட்டினால் நால்வருமே தப்பிவிடலாம். 2002இல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை இப்படியொரு நஷ்டஈட்டு வழக்கில், நோய் வரும் அபாயத்தைக் கணிசமாகக் கூட்டியிருந்தால் போதும், பொறுப்பு உண்டு என்றது. 2006இல் அந்த நாட்டு நாடாளுமன்றம் ஒரு படி மேலே போய், அப்படிப்பட்ட ஒவ்வொரு முதலாளியும் முழுத் தொகைக்கும் பொறுப்பு, அவர்களுக்குள் பிரித்துக்கொள்வது அவர்கள் பாடு என்று சட்டம் போட்டது. அமெரிக்காவின் பல மாநிலங்கள் எளிய வழியைப் பிடித்தன. கடைசியாக யாரிடம் அந்தத் தூசி பட்டதோ அவரே கொடுக்கட்டும் என்றன. அது நியாயமா என்றால், கடைசி முதலாளிக்கு நிச்சயம் நியாயமில்லை. ஆனால் தொழிலாளி வீடு வீடாக அலைய வேண்டாம்.

நான்காவது தொல்லைதான் தீரவே தீராதது. முதுகுவலி, காது மந்தம், மாரடைப்பு, மன அழுத்தம் எல்லாம் வேலை செய்யாதவருக்கும் வரும். இதில் வேலையின் பங்கு எவ்வளவு? ஜப்பான் இதை எண்ணால் அளக்கப் பார்த்தது. அளவுக்கு மீறி வேலை செய்து மாரடைப்பிலோ மூளை ரத்தக்குழாய் வெடித்தோ இறப்பதை அங்கே கரோஷி என்கிறார்கள். 2001இல் அரசு வகுத்த அளவுகோலின்படி, நோய்க்கு முந்தைய ஒரு மாதத்தில் நூறு மணி நேரம் கூடுதல் வேலை, அல்லது இரண்டு முதல் ஆறு மாதம் வரை சராசரியாக மாதம் 80 மணி நேரம் கூடுதல் வேலை இருந்தால், வேலைக்கும் சாவுக்கும் வலுவான தொடர்பு இருப்பதாக எடுத்துக்கொள்ளலாம். எண் வைத்தால் தெளிவு வரும். 79 மணி நேரம் வேலை செய்து இறந்தவரின் மனைவிக்கு அந்தத் தெளிவு எப்படி இருக்கும் என்பது வேறு விஷயம்.

கொரோனா வந்தபோது இதே சிக்கல் வேகமாக ஓடிய படம் போலத் திரும்ப வந்தது. ஆஸ்பத்திரிச் செவிலியருக்குத் தொற்று வார்டில் வந்ததா, பஸ்ஸில் வந்ததா? பல நாடுகள் சுகாதாரப் பணியாளர்களுக்கு வேலையால் வந்ததாகவே வைத்துக்கொண்டன. பிரான்ஸ் 2020இலேயே தன் அட்டவணையில் அதைச் சேர்த்தது. ஈயத்துக்குப் பல பத்தாண்டு எடுத்துக்கொண்ட சட்டம் இதற்குச் சில மாதங்களே எடுத்துக்கொண்டது. மனது வைத்தால் முடியும் போல.

யாருக்குக் கிடைக்காது, கிடைக்க என்ன வேண்டும்

இந்தச் சட்டங்கள் முதலாளி, தொழிலாளி என்ற உறவு மேல் கட்டியவை. அந்த உறவு இல்லை என்று காட்டிவிட்டால் மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. அதனால்தான் ஒப்பந்தக்காரர் வைத்த ஆள், சொந்தமாகத் தொழில் செய்பவர், செயலி வழியாக வேலை எடுப்பவர் என்றெல்லாம் பெயர் மாற்றுவது சிலருக்கு லாபமாக இருக்கிறது. பெயர் என்ன என்று பார்க்காமல், வேலையை யார் கட்டுப்படுத்துகிறார் என்று பார்க்கும் நீதிமன்றங்களும் உண்டு. ஒப்பந்தக்காரர் கைவிட்டால் வேலையைக் கொடுத்த பெரிய நிறுவனமே கொடுக்க வேண்டும் என்று எழுதி வைத்த சட்டங்களும் உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்து வேலை செய்பவருக்கும் உள்நாட்டவருக்குச் சமமான இழப்பீடு வேண்டும் என்பதை 1925லேயே ஒரு சர்வதேச ஒப்பந்தம் சொல்லிவிட்டது. ஊர் திரும்பிய பிறகு நோய் தெரிந்தால் அந்த நாட்டில் போய் மனுக் கொடுப்பது எவ்வளவு பாடு என்பதை மட்டும் எந்த ஒப்பந்தமும் எளிதாக்கவில்லை.

காப்பீட்டுக் கட்டணம் பெரும்பாலும் தொழிலின் ஆபத்தைப் பொறுத்தது. பல இடங்களில் ஒரு நிறுவனத்தில் விபத்து கூடினால் கட்டணமும் கூடும். பாதுகாப்பில் செலவு செய்ய இது ஒரு தூண்டுதல் என்று பாடப் புத்தகங்கள் சொல்லும். விபத்தை மறைக்கவும் அதுவே தூண்டுதல். 'ஆஸ்பத்திரியில் கேட்டால் வீட்டில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிவிடு, செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்ற பேச்சு எந்த மொழியில் வந்தாலும் சம்மதிக்க வேண்டாம். மருத்துவர் முதல் நாள் எழுதும் குறிப்பு பல வழக்குகளில் கடைசி வரை பேசும். வீட்டில் விழுந்ததாக அதில் எழுதிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

ஆகவே அடிபட்ட உடனே மேலாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், வாயால் சொன்னது சில மாதத்தில் காற்றோடு போய்விடும். பார்த்தவர்களின் பெயர்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். என்ன வேலை செய்கிறோம், என்ன தூசி, என்ன ரசாயனம், எத்தனை ஆண்டு என்பதை மருத்துவரிடம் நாமாகவே சொல்லிப் பதிய வைக்க வேண்டும், அவர் கேட்பார் என்று காத்திருக்கக் கூடாது. வேலை மாறும்போது பழைய சம்பளச் சீட்டையும் அடையாள அட்டையையும் தூக்கிப் போட வேண்டாம். முப்பது ஆண்டு கழித்து, அந்த ஆலையில் நீங்கள் வேலை செய்தீர்கள் என்பதற்கு அவை மட்டும் மிஞ்சலாம். தெரிவிக்க ஒரு கெடு, மனுப் போட ஒரு கெடு என்று பெரும்பாலான நாடுகளில் இரண்டு தனித்தனிக் காலக்கெடுக்கள் இருக்கும். சில இடங்களில் முதலாவது சில நாட்களிலேயே முடிந்துவிடும், அதனால் காயம் ஆறட்டும் என்று காத்திருக்காமல் முதலில் அந்த இரண்டு தேதிகளையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.